மரவள்ளியின் தேமல் வியாதியைக் கண்டறிதல்

மரவள்ளியில் தோன்றும் தேமல் வியாதி சேலம், நாமக்கல் பக்கத்துக் குடியானவர்கள் நன்கறிந்ததே. இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாய்க் கலந்து, இலை கோணிச் சுருங்கும். இதற்குக் காரணம் ஒருவகை வைரஸ். அதைச் செடிக்குச் செடி பரப்புவது வெள்ளை ஈ. ஆயினும் வியாதியுற்ற செடியின் கரணையை வெட்டி நடுவதால், குடியானவர் தாமே அதை வயலுக்கு வயல் கொண்டு சேர்க்கின்றனர். கரணை வெட்டும் பருவத்தில் இலைகள் பெரும்பாலும் உதிர்ந்திருப்பதால், வியாதியைக் கண்ணால் அறிவதும் அரிது.

இலைக்குறியை நம்பாமல் வைரஸையே தேடும் முறையொன்று உண்டு. மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நானோமீட்டர் எனப்படும். சுமார் 15 நானோமீட்டர் அளவுள்ள தங்கத்துகள்கள் நீரில் தனித்தனியே மிதக்கையில், அந்நீர் பொன்னிறமாயிராது சிவந்து காணும். துகள்கள் நெருங்கித் திரண்டால் நீலமாகும். குறித்த வைரஸைப் பற்றிக்கொள்ளும் பொருளை அவற்றின்மேல் பூசிவைத்தால், வைரஸ் பல துகள்களை ஒன்றாய்ப் பிணைத்து நிறத்தை மாற்றிவிடும். இத்துகள்களைக் காகிதப் பட்டையில் அமைப்பதும் உண்டு. இலைச்சாறு பட்டையில் ஏறுகையில், வைரஸ் இருப்பின் துகள்கள் ஓரிடத்தில் தங்கிச் சிவப்புக் கோடாகத் தெரியும். கொரோனாக் காலத்தில் வீடுகளில் மூக்குநீரைப் பரீக்ஷித்த பட்டையும் இவ்வினத்ததே. பட்டை கெடவில்லை என்று காட்டும் மற்றொரு கோடும் தோன்றவேண்டும். தோன்றாவிடில் அப்பரீக்ஷை செல்லாது.

கைப்பேசியால் இலையைப் படமெடுத்து, செயற்கை நுண்ணறிவால் வியாதியை அறிவது மற்றொரு முறை. கிழக்கு ஆப்பிரிக்காவில் மரவள்ளிக்கென வழங்கும் 'நுரு' என்னும் செயலி, இணையத்தொடர்பின்றியே தேமலையும் பழுப்புக்கீற்று வியாதியையும் பச்சைச் சிலந்திப்பேன் சேதத்தையும் பிரித்துக் கூறும். எனினும் இவ்வழியில் எச்சரிக்கை வேண்டும். 2016-ம் வருஷம் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 54,306 இலைப்படங்களைக் கொண்டு பல பயிர்களின் வியாதிகளை அறியப் பழக்கப்பட்ட யந்திரம், அதே வகைப் படங்களில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் சரியாகச் சொல்லிற்று. வேறு சூழ்நிலையில் எடுத்த படங்களைக் காட்டியபோதோ சுமார் 31 பங்கே சரியாயிற்று. பழகிய படங்கள் ஒரே மாதிரியான பின்னணியில் தனி இலையாக எடுத்தவை. வயலில் நிழலும் புழுதியும் களையும் சேர்ந்தல்லவா தெரியும்! மேலும், இலையில் குறியில்லாத வியாதியைக் கைப்பேசி காணாது.

ஆதலின் வயல் முழுவதையும் விரைவில் பார்வையிடக் கைப்பேசியும், கரணைக்கென நிறுத்தும் தாய்ச்செடிகளை ஐயமறச் சோதிக்க வைரஸ் பரீக்ஷையும் ஏற்றவை. இவ்விரண்டும் கைக்கெட்டாத குடியானவர்கள், செடி தழைத்திருக்கும்போதே தேமலற்றவற்றைக் கயிறு கட்டி அடையாளமிட்டு, அறுவடையில் அவற்றினின்று மட்டுமே கரணை எடுத்துக்கொள்வது நலம்.