உங்களுக்குத் தெரியுமா? புல்லட்டுக்கு உயிர் தரும் 1 மி.மீ.

பழைய புல்லட் நீலப்புகை கக்கினால் மதுரை மெக்கானிக்குகள் பெரும்பாலும் சொல்வது: "ரீபோர் பண்ணணும்ண்ணே."

சென்னை திருவொற்றியூரில் உருவான வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350-க்கு சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி. ஓட ஓட சிலிண்டரின் உள்வட்டம் தேய்ந்து நீள்வட்டமாகிவிடும். எரிவெப்பம் தாக்கும் மேல்பகுதியில்தான் தேய்மானம் அதிகம். லேத் பட்டறையில் உட்சுவரை மெல்லச் சீவி, மறுபடி வட்டமாக்கி, பெரிய பிஸ்டன் போடுவார்கள்; இதுதான் ரீபோர். விட்டம் 1 மி.மீ. கூடினால் கொள்ளளவு சுமார் 356 சி.சி. ஆகும்!

கடைசியாக ஹோனிங் கல் போடும் குறுக்குக் கோடுகளை உற்றுப் பாருங்கள். ஆயில் தங்குவது அந்த நுண்கீறல்களில்தான். கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் பிஸ்டன் ரிங் சரியாகப் படியாது. பிஸ்டனை முதலில் வாங்கி, அதை அளந்த பிறகே போர் போடச் சொல்லுங்கள்.