ஜாம்கேட்: உழவும் உடல்நலமும்

மகாராஷ்டிரத்தின் வறட்சி மிகுந்த அகமதுநகர் (இன்றைய அகில்யாநகர்) மாவட்டத்தைச் சேர்ந்தது ஜாம்கேட். 1970இல் ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே என்னும் மருத்துவத் தம்பதியர் அங்கே கிராம சுகாதாரத் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். வறட்சி வாட்டிய அந்த ஆண்டுகளில் உழவர் குடும்பங்கள் முதலில் கேட்டது மருந்தையன்று, நீரையும் உணவையுமே. ஆகவே ஆழ்குழாய்க் கிணறு தோண்டுவதும் சுகாதாரப் பணியாயிற்று. கிணறுகள் பல தலித் மக்களின் குடியிருப்புகளில் அமைக்கப்பட்டமையால், ஏனைய சாதியினரும் அங்கு வந்தே நீரெடுக்க நேர்ந்தது.

கிராமந்தோறும் உழவர் மன்றங்கள் தோன்றின. குழந்தைகளின் உணவுக்கான தானியம் விளைவித்தல், மண் அரிப்பைத் தடுத்தல், மரம் நடுதல் ஆகியவற்றை அவை மேற்கொண்டன.

பயிற்சி பெற்ற செவிலியர் கிராமங்களில் தங்க முன்வராததால், ஊராரே தேர்ந்தெடுத்த, பெரும்பாலும் எழுத்தறியாத பெண்கள் சுகாதாரப் பணியாளர்களாயினர். பேறுகாலக் கவனிப்பும் வயிற்றுப்போக்குக்கு உப்பு, சர்க்கரைக் கரைசல் தருவதும் அவர்களுடைய பொறுப்பாயின. அக்கரைசலுக்கும் தூய நீர் வேண்டுமல்லவா? ஆரோலே தம்பதியருக்கு 1979இல் மகசேசே விருது வழங்கப்பட்டது.

மருந்துச் செலவு ஒரு துறையின் கணக்கிலும் கிணற்றுச் செலவு வேறொன்றிலும் எழுதப்படும் அரசு நிர்வாகத்தில் இவ்விணைப்பு எளிதன்று. 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம் கிராமப் பெண்களையே ஆஷா பணியாளர்களாக்கியது. உழவர் மன்றத்தின் துணையை அவர்களுக்கு வகுக்கவில்லை.