குரங்கணி மலைப்பாதையும் கிராமத்தின் கடமையும்

தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கு மேற்கே குரங்கணி என்னும் மலையடிவாரச் சிற்றூர் உள்ளது. அங்கிருந்து மலையேறுவோர் சுமார் 1,700 மீட்டர் உயரத்திலுள்ள டாப் ஸ்டேஷனை அடையலாம். முற்காலத்தில் மூணாறுத் தேயிலை அங்கிருந்தே கம்பிவடத்தின் மூலம் கொட்டகுடிக்கு இறக்கப்பட்டது. அவ்விளிம்பில் நின்று கீழே நோக்கின், காப்பியும் மாவும் இலவும் செழித்த பள்ளத்தாக்கு கண்ணுக்கு விருந்தாகும்.

ஆயினும், வடகிழக்குப் பருவமழையால் பசுமையுறும் இச்சரிவுகளில் மாசி, பங்குனியில் புல் காய்ந்துவிடுகிறது. தீயின் அனல் மேட்டிலுள்ள புல்லை முன்னரே உலர்த்திவிடுவதால், சரிவில் ஏறும் தீக்கு வேகம் மிகுதி. மனிதனோ மேடேறுகையில் தளர்கிறான். 2018 மார்ச் 11ஆம் நாள் இம்மலையில் மூண்ட காட்டுத் தீயில் மலையேற்றம் வந்தோர் 20-க்கும் மேற்பட்டவர் மாண்டனர். அவ்வாண்டிலேயே அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது.

மலையடிவாரப் பஞ்சாயத்துக்கள் மனத்திற்கொள்ள வேண்டியவை:

1. வனத்துறையின் அனுமதியின்றி வருவோரை எவரும் காட்டுக்குள் அழைத்துச் செல்லலாகாது.

2. கோடையில் காட்டையொட்டிய நிலங்களில் சருகு, தட்டை முதலியவற்றைக் கொளுத்தலாகாது.

3. புகை தென்பட்டவுடன் வனத்துறைக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் தெரிவித்தல் வேண்டும்.

4. தீயில் சிக்க நேரின் மேல்நோக்கி ஓடலாகாது. பக்கவாட்டில் விலகிப் பாறைவெளியையோ ஓடையையோ நாடுதல் நலம்.

மலையின் போக்கை நன்கறிந்தவர் அங்கு வாழும் மக்களே. விருந்தினர் நலமுடன் திரும்பினால்தான் ஊருக்கு வருவாயும் நற்பெயரும் நிலைக்கும். ஆதலின் இவற்றைக் கிராம சபையில் எடுத்துரைத்து, கோடைக்கு முன்னரே ஆவன செய்வது பஞ்சாயத்து அங்கத்தினர்களின் கடமையாகும்.