முழுகாமல் இருக்கிறாரா? 12 வாரக் கெடு ஓடுகிறது!

சென்னையில் எந்த வீடானாலும் சரி. "நாள் தள்ளிப் போச்சு" என்று பெண் சொன்னதும் முதலில் எழும் குரல் இதுதான்: "மூணு மாசம் முடியட்டும். யாருகிட்டயும் மூச்சு விடாதே!"

கண் பட்டுவிடும் என்ற பயம். ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. நர்சம்மாவுக்கும் சொல்லாமல் இருந்தால்? அங்கேதான் வந்தது வினை.

5 வாரம் போயே போச்சு!

கர்ப்பக் கணக்கு, கடைசி மாதவிலக்கின் முதல் நாளில் இருந்து ஓடுகிறது. ஒரு வாரம் தள்ளிப் பார்த்துவிட்டு மருந்துக் கடையில் அட்டை வாங்கிச் சோதிக்கிறார்கள். 2 கோடு தெரிகிறது. "இன்னைக்குத்தானே தெரிஞ்சுது" என்று நினைப்பு. டாக்டர் கணக்கில் அன்றே 5 வாரம் ஆகிவிட்டது!

வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளம் விழுவது 6-வது வார வாக்கில். அதற்குத் துணை நிற்பது போலிக் ஆசிட் மாத்திரை. கல்யாணமான பெண்கள் முன்பே சாப்பிட ஆரம்பித்தால் இன்னும் நல்லது. மூணு மாசம் மூடி வைத்துவிட்டுப் போய் வாங்கினால், அந்த வேலை முடிந்து போயிருக்கும்.

102-க்கு ஒரு போன்

பக்கத்து மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். 102-க்கு போன் போட்டும் பதியலாம். ஆதார் அட்டையும், பெண்ணின் பேரிலேயே உள்ள பாங்க் பாஸ்புக்கும் கையில் இருக்கட்டும். 12 இலக்க ஆர்.சி.எச். எண் ஒன்று தருவார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பவர்களுக்கும் இது வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கு 2017 முதல் இந்த எண்ணைக் கேட்கிறார்கள். அன்றைக்கு அலைவதை இன்றைக்கே தவிர்க்கலாமே!

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் கிடைக்கும் 18 ஆயிரம் ரூபாய் உதவிக்கும் (14 ஆயிரம் ரொக்கம், மீதிக்கு ஊட்டச்சத்துப் பெட்டி) 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். வயது 19 நிரம்பியிருக்க வேண்டும். 2 பிரசவம் வரைதான்.

பணம் கிடக்கட்டும். முதல் நாளே எடை, பிரஷர், ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிடுவார்கள். ரத்தக் குறைவு இப்போதே தெரிந்தால் சாப்பாட்டிலும் மாத்திரையிலும் தேற்றிவிடலாம். பிரசவ வார்டில் தெரிந்தால், புருஷன் ரத்த பாட்டிலுக்கு ஓட வேண்டும்.

வலிப்பு, பிரஷர், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் பயந்துகொண்டு தானாக நிறுத்தக் கூடாது. சீட்டை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கடை மாத்திரை ஆபத்து

இப்போது பிள்ளை வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்கள் யாரையோ பிடித்து, சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு விழுங்குவதுதான் பயங்கரம். கரு கர்ப்பப்பையில் இல்லாமல் குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை கேட்காது. குழாய் வெடித்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டி உயிர் போகும்.

1971 சட்டப்படி, அனுமதி பெற்ற ஆஸ்பத்திரியில், சட்டம் சொல்லும் காரணங்களுக்காக 20 வாரம் வரை ஒரு டாக்டரின் முடிவில் கருக்கலைப்பு செய்யலாம். கல்யாணம் ஆகாதவர்களுக்கும் வழி உண்டு. பெண்ணின் பெயரை வெளியே விடக் கூடாது என்பதும் சட்டம்தான். பிறகு ஏன் திருட்டு மாத்திரை?

பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. அடிவயிற்றில் ஒரு பக்கமாகச் சுருக்கென்று வலி, ரத்தப்போக்கு, தலைசுற்றல், மயக்கம் என்றால் "மசக்கைதான்" என்று கஷாயம் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 108!

கல்லாவில் இருப்பவர்களுக்கு

ஜவுளிக் கடைப் பெண்கள் கர்ப்பத்தை மறைப்பதற்குக் கண்ணேறு மட்டும் காரணம் அல்ல. வேலை போய்விடும் என்ற பயமும்தான். 10 பேர் வேலை பார்க்கும் கடை என்றாலே பிரசவ லீவுச் சட்டம் உண்டு. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் 2 குழந்தைக்குத் தலா 26 வாரம் சம்பளத்தோடு லீவு. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு அந்தப் பணம் ஈ.எஸ்.ஐ.யில் இருந்து வரும். கடையில் உட்கார இருக்கை போட வேண்டும் என்றும் 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பிரசவ லீவில் இருக்கும் பெண்ணை வேலையை விட்டு நிறுத்துவது சட்டவிரோதம்.