குர்பானிக் கழிவும் குடற்புழுவும்

தாகத்தில் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்தான் என்ற ஹதீஸை நாம் கேட்டிருக்கிறோம். அந்த இரக்கத்தில்தான் ஹஜ்ஜுப் பெருநாளன்று நம்மில் பலர், வேண்டாத ஈரல், நுரையீரல் துண்டுகளைத் தெருநாய்களுக்குப் போடுகிறோம். ஆனால் பச்சையாகப் போட்டால் அது நாய்க்கும் கேடு, நமக்கும் கேடு.

சில ஆடு, மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் இருக்கும். அவை ஒருவகை நாடாப்புழுவின் இளம்பருவம். அவற்றைத் தின்ற நாயின் குடலில் சுமார் 6 அல்லது 7 வாரங்களில் புழு வளர்ந்து முட்டையிடும். முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியேறி மண்ணிலும், அதன் ரோமத்திலும் ஒட்டியிருக்கும். பிள்ளைகள் கை கழுவாமல் சாப்பிட்டால் உடலுக்குள் சென்று, ஈரலிலோ நுரையீரலிலோ கட்டியாகி, பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் வளரும். பலருக்கு அறுவைச் சிகிச்சை வரை போய்விடுகிறது.

கட்டியுள்ள உறுப்புகளை நாய் தோண்டாதபடி ஆழமாகப் புதைப்போம். மற்றவற்றை நன்றாக வேகவைத்தே போடுவோம். காவலுக்கு நாய் வளர்ப்போர் கால்நடை மருத்துவரிடம் நாடாப்புழு மருந்தைக் கேட்டு, தவறாமல் கொடுக்க வேண்டும்.

பூனைக்குட்டிகளுக்குத் தாய்ப்பால் வழியாகவே உருளைப்புழு தொற்றும். பிறந்த 3 வாரத்திலிருந்தே எடைக்கேற்ற மருந்து தேவை. வளர்ந்த பூனைக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம்.

வரும் பெருநாளில், இன்ஷா அல்லாஹ், அறுக்கும் இடத்திலேயே ஒரு குழியும் தயாராக இருக்கட்டும்.