ஊர்ப் பொதுவில் ஒரு பூட்டு

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில், வீராணம் ஏரித் தண்ணீரில் நெல் விளையும் பகுதி. அங்கே இரண்டு கிராமங்களில் விவசாயிகள் தங்கள் வீட்டில் இருந்த பூச்சிமருந்தை ஊர்ப் பொதுவில் கட்டிய ஒரு கிடங்கில் கொண்டுவந்து வைத்தார்கள். வங்கி லாக்கர் போல ஆளுக்கொரு பெட்டி, அதற்கொரு பூட்டு. கிடங்கைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் உண்டு. தெளிக்க வேண்டிய அன்று வந்து எடுத்துக்கொள்ளலாம்.

சென்னையில் 1986-இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பின் முயற்சி இது. கிடங்கு இல்லாத வேறு இரண்டு கிராமங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கிடங்கு வந்த ஊர்களில் தற்கொலைகளும் தற்கொலை முயற்சிகளும் குறைந்ததாக 2013-இல் வெளியான ஆய்வு சொன்னது. நான்கே ஊர்களை வைத்து நாட்டுக்கே தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனாலும் இதன் பின்னால் உள்ள காரணம் வலுவானது.

உலகில் ஐந்து தற்கொலைகளில் ஒன்றுக்குப் பூச்சிமருந்தே காரணம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கடனோ சண்டையோ அவமானமோ நெஞ்சை அடைக்கும் நேரத்தில், நீண்ட யோசனையின்றிப் பலர் அந்த முடிவுக்குப் போய்விடுகிறார்கள். அந்த வேகம் அப்படியே நீடிப்பதில்லை. ஒரு முறை பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. அந்த நேரத்தில் மருந்து கைக்கெட்டாத தூரத்தில் இருந்தாலே ஓர் உயிர் தப்பலாம்.

அப்படியானால் வீட்டுக்கு வீடு பூட்டுப்பெட்டி கொடுத்தால் போதாதா? இலங்கையின் அனுராதபுரம் மாவட்டத்தில் 180 கிராமங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதி ஊர்களில் அதைத்தான் செய்து பார்த்தார்கள். 2017-இல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவு ஏமாற்றமளித்தது: பெட்டிகளால் பலன் தெரியவில்லை. சாவியும் அதே வீட்டில்தானே இருக்கிறது! இலங்கைக்கு உண்மையில் கைகொடுத்தது தடைச் சட்டம். 1995 முதல் கொடிய மருந்துகளை அரசு ஒவ்வொன்றாக விலக்கியது. அப்போது உலகின் மிக உயர்ந்த அளவுகளில் ஒன்றாக இருந்த தற்கொலை விகிதம், பிந்தைய இருபது ஆண்டுகளில் சுமார் 70 விழுக்காடு சரிந்தது.

தடை அரசின் வேலை. துவண்டு கிடப்பவரைக் கண்டுபிடிப்பது ஊரின் வேலை. தமிழகத்தில் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் ஒன்றில் ‘சிநேகா’ செய்தது இதைத்தான். முகாமிலேயே வசிக்கும் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆபத்தில் இருப்பவர்களை அடிக்கடி போய்ப் பார்க்கச் சொன்னார்கள். நெருக்கடி வந்தால் யாரைக் கூப்பிடுவது, எங்கே போவது என்பதையும் அவர்களோடு உட்கார்ந்து முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். அங்கும் தற்கொலை முயற்சிகள் குறைந்தன.

ஏரிப் பாசனமும் பட்டுத் தறியும் அருகருகே இருக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தென்னேரி போன்ற ஊரில் இதற்கான ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். கிராம செவிலியருக்கு எந்த வீட்டில் யார் சாப்பிடாமல் படுத்திருக்கிறார் என்று தெரியும். மகளிர் குழுவுக்குக் கடன் தவணை தவறியது தெரியும். தறி ஓசை நின்றுபோனது கூட்டுறவுச் சங்கத்துக்கும் பக்கத்து வீட்டுக்கும் தெரியும். தனித்தனியே தெரிந்திருக்கும் இவற்றை ஒன்றுசேர்க்க ஓர் ஏற்பாடுதான் இல்லை. பொதுக் கிடங்குக்கு இடம், அதைப் பார்த்துக்கொள்ள ஆள், வீடு வீடாகப் போய்ப் பேசப் பயிற்சி பெற்ற நான்கைந்து பேர் – மே 1 கிராம சபையிலேயே முன்வைக்கக்கூடிய தீர்மானங்கள் இவை.

அதுவரை காத்திருக்க முடியாத மனநிலையில் இருப்பவர்களும், அவர்களுக்காகக் கவலைப்படுபவர்களும் தமிழக அரசின் 104, மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ 14416 ஆகிய எண்களிலோ, ‘சிநேகா’வின் 044-24640050 எண்ணிலோ தமிழிலேயே பேசலாம்.