பால் பவுடர் டின் ஏன் வேண்டாம்?



யவீருவின் மகளை உயிரோடு எழுப்பின ஆண்டவர், அடுத்ததாக அவளுக்கு ஆகாரம் கொடுக்கச் சொன்னதை மாற்கு சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். குழந்தைகளுக்கு ஆகாரம் கொடுக்கும் பாரம் உங்களுக்கும் உண்டு. அதனால்தான் கிறிஸ்துமஸ் காலத்தில் பால் பவுடர் டின்களும் பாட்டில்களும் அனுப்புகிறீர்கள். அவற்றை நாங்கள் பெற்றுக்கொள்ளாதது சிலருக்கு மனவருத்தம் என்று அறிகிறோம். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

1992-ம் ஆண்டு இயற்றப்பட்டு 2003-ல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, தாய்ப்பாலுக்கு மாற்றான பால் மாவையோ பால் பாட்டிலையோ அனாதை இல்லங்களுக்குத் தவிர யாருக்கும் நன்கொடையாகக் கொடுக்கக்கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுவோம். ராயப்பேட்டையின் குறுகிய சந்துகளில் ஒரே அறையில் வாழும் குடும்பத்தில் ஒரு டின் சில நாட்களில் தீர்ந்துபோகும். அடுத்த டின் வாங்கப் பணமிராது. இரண்டு கரண்டி போடவேண்டிய இடத்தில் ஒன்று போட்டுத் தண்ணீரால் நிரப்புவார்கள். பாட்டிலைச் சுத்தமாகக் கழுவவும் வழியில்லை. பேதி வரும். இதற்குள் தாய்ப்பாலும் குறைந்துவிடும்.

முதல் 6 மாதம் தாய்ப்பால் மாத்திரம் போதும், தண்ணீர்கூட வேண்டாம். இதைத் தாய்மார் சீக்கிரம் ஏற்றுக்கொள்ளுகிறார்கள். எங்கள் போராட்டம் 7-ம் மாதத்தில்தான் ஆரம்பிக்கிறது. காலையில் தாய் வீட்டுவேலைக்குப் போய்விடுவாள். பிள்ளை பாட்டியின் மடியில். "கெட்டியா குடுத்தா நெஞ்சுல அடைச்சுக்காதா சிஸ்டர்?" என்று பாட்டி கேட்பார். பயத்தினால் கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்துக் கொடுப்பார். பிள்ளையின் வயிறோ மிகவும் சிறியது. நீர்த்த கஞ்சியால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. 6 முதல் 8 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி உணவிலிருந்து கிடைக்கவேண்டும். தண்ணீர்க் கஞ்சியில் அது நடவாத காரியம்.

பாட்டியின் பயத்தைக் கேலி செய்வதில் பயனில்லை. வழி அவர் கையிலேயே இருக்கிறது. கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முளைகட்டி, வெயிலில் காயவைத்து அரைக்கவேண்டும். இந்த மாவை மட்டும் வறுக்கக்கூடாது. வறுத்தால் முளையில் உண்டான நொதி கெட்டுப்போகும். கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சி சற்று ஆறினதும் இதில் ஒரு ஸ்பூன் கலந்தால், சில நிமிடங்களில் கஞ்சி தானாக இளகிவிடும். தண்ணீர் சேர்க்காததால் சத்து குறையாது. பிறகு ஒரு கொதி விட்டு, ஒரு சொட்டு நல்லெண்ணெயும் மசித்த பருப்பும் சேர்த்துக் கிண்ணத்திலிருந்து ஊட்டலாம். செய்து காட்டும்போது பாட்டிமார் முகத்தைப் பார்க்கவேண்டும்! எங்கள் சொற்பொழிவுகளைவிட அந்தக் கிண்ணமே நன்றாய்ப் பேசுகிறது.

போதனை பலன் தருமா என்ற சந்தேகம் வேண்டாம். 1980-ல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மாத்திரம் சுமார் 3 மாதம் சத்துருண்டை கொடுத்து, அதே சமயத்தில் தாய்க்கும் கற்றுக்கொடுத்தார்கள். கடுமையான ஊட்டக்குறைவு அந்தக் கிராமங்களில் குறைந்தது. 1982-ல் பெரிதாக விரிந்த சத்துணவுத் திட்டம் 2 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே. எடை தடுமாறும் வயதோ அதற்கு முந்தியது.

ஆகவே டின்னுக்கான பணத்தைக் காணிக்கையாக அனுப்புங்கள். எடைத் தராசு, கிண்ணம், கேழ்வரகு, பாசிப்பயறு, வீடுவீடாகச் செல்லும் சகோதரியின் பஸ் செலவு ஆகியவற்றுக்கு அது உதவும். பேதி வந்தால் சோற்றை நிறுத்தும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதற்காக விசேஷமாய் ஜெபித்துக்கொள்ளுங்கள்.